'கலீஸி'ன்னு சொன்னா தப்பா? இல்லாத மொழிகளுக்கு உச்சரிப்பு எழுதும் மனிதர்கள்!

ஒரு சின்ன டெஸ்ட். இரண்டு பெயர்கள்: 'லீமோலா', 'க்ராட்ஸ்க்'. இதில் ஒருவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாட்டுப் பாடும் இளவரசி. இன்னொருவர் கோடரியோடு கோட்டையை உடைக்க வரும் தளபதி. யார் யார்னு சொல்லுங்க பார்ப்போம்.

யோசிக்கவே வேண்டியிருக்காது. இத்தனைக்கும் இரண்டுமே இந்தக் கட்டுரைக்காகச் சும்மா உருவாக்கிய சொற்கள். எந்த அகராதியிலும் கிடையாது, அர்த்தமும் கிடையாது. ஆனாலும் உங்க காது ஒரு முடிவுக்கு வந்துடுச்சு இல்லையா? சினிமாவுக்கும் நாவலுக்கும் புதுசா மொழி உருவாக்குகிறவர்களின் முதல் ஆயுதமே இதுதான். அர்த்தம் புரிவதற்கு முன்னாடியே, சத்தம் நம்மிடம் எதையோ சொல்லிவிடுகிறது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டோத்ராகி, 'அவதார்' நாவி, 'ஸ்டார் ட்ரெக்' கிளிங்கான், நம்ம 'பாகுபலி' கிளிக்கி... இவை எல்லாமே யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து உருவாக்கியவை. இலக்கணம், சொற்கள் எல்லாம் அப்புறம்தான். எந்த ஒலிகள் இருக்கணும், எது எதோடு சேரணும், சொல்லில் எந்த இடத்தை அழுத்திச் சொல்லணும் என்பதைத்தான் அவர்கள் முதலில் முடிவு செய்கிறார்கள். இது ஏதோ ஹாலிவுட் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. உங்க இங்கிலீஷ் உச்சரிப்பைக் கேட்டு யாராவது எப்பவாவது சிரிச்சிருந்தா, இது உங்க கதையும்தான்.

சத்தத்துக்கு ஒரு முகம் இருக்கு

1929-ல் வோல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் இரண்டு படங்களை வரைந்தார். ஒன்று கூர் கூரான முனைகள் உள்ளது. இன்னொன்று மேகம் மாதிரி வளைந்து நெளிந்தது. இதில் எது 'தகேட்டே', எது 'பலூமா' என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் கூரான படத்தையே 'தகேட்டே' என்றார்கள்.

2001-ல் நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் இதே சோதனையை 'கிக்கி', 'பூபா' என்ற சொற்களை வைத்துச் செய்தார்கள். பங்கேற்றவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களும், இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களும். இரண்டு பக்கமும் 95 சதவிகிதத்துக்கும் குறையாதவர்கள் கூரான படத்துக்கு 'கிக்கி', உருண்டைக்கு 'பூபா' என்றே பெயர் வைத்தார்கள். மொழி வேற, ஊர் வேற, காது சொன்ன தீர்ப்பு ஒண்ணு.

'கிக்கி' என்று சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் டக்கென்று ஒட்டிப் பிரிகிறது. 'பூபா'வில் உதடு குவிகிறது. வாய் போடும் வடிவத்துக்கும் கண் பார்க்கும் வடிவத்துக்கும் நடுவில் மூளை ஒரு பாலம் போடுவதாக ராமச்சந்திரன் விளக்குகிறார். மொழி உருவாக்குகிறவர்கள் அந்தப் பாலத்தில் ஏறித்தான் நம்ம மனசுக்குள் நுழைகிறார்கள்.

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வாட்ச்மேன்

வெறும் ஒலிகளைப் பொறுக்கிப் போட்டால் மொழி ஆகிவிடாது. எந்த ஒலி எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். தமிழில் இது நமக்குப் பழக்கம்தான். பழைய இலக்கணப்படி 'ர', 'ல' இரண்டும் சொல்லின் முதலில் வராது. அதனால்தான் ராமன் 'இராமன்' ஆனார், லண்டன் 'இலண்டன்' ஆனது. நம்ம வீட்டுப் பெரியவங்க 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அது படிக்காததனால் வந்த தப்பு இல்லை. ரெண்டு மெய்யொலி சேர்ந்து முதலில் வந்தால், தமிழின் வாட்ச்மேன் ஒரு 'இ' போட்டுத்தான் உள்ளே விடுவார்.

எல்லா மொழியிலும் இந்த வாட்ச்மேன் உண்டு. ஹவாய் மொழியில் மெய்யொலிகள் ரொம்பக் குறைவு. ரெண்டு மெய் சேர்ந்தும் வராது. அதனால் அங்கே 'கிறிஸ்துமஸ்' உள்ளே போய் 'கலிகிமக்கா'வாக வெளியே வந்தது. ஜப்பானில் 'மெக்டொனால்ட்' கடைக்குப் பேரு 'மகுதொனருதோ'.

புது மொழி உருவாக்குகிறவர் முதலில் இந்த வாட்ச்மேனை வேலைக்கு வைக்கிறார். அவர் ஒழுங்கா வேலை பார்த்தால்தான், ஆயிரம் சொல் உருவாக்கினாலும் எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி இருக்கும். இல்லைன்னா கீபோர்டில் பூனை நடந்த மாதிரி ஆகிடும்.

இது ஆபீஸ் ஸ்ட்ரெஸ் இல்லை!

அடுத்தது ஸ்ட்ரெஸ். தமிழில் அழுத்தம். ஒரு சொல்லில் ஏதாவது ஒரு அசையை மட்டும் கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் நீளமாக, குரலை ஏற்றிச் சொல்வதுதான் இது. இங்கே அசை என்றால் யாப்பிலக்கண அசை இல்லை. ஒரே மூச்சில் வரும் ஒரு துண்டு, அவ்வளவுதான். அழுத்தம் விழும் இடத்தை இனிமேல் தடித்த எழுத்தில் காட்டியிருக்கோம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. பஸ்ஸில் இருந்தா மெதுவா!

இங்கிலீஷில் 'ரெ-கார்ட்' என்றால் பதிவேடு. 'ரி-கார்ட்' என்றால் பதிவு செய். 'ஃபோ-ட்டோ-கிராஃப்' என்று முதலில் அழுத்துகிறவர்கள், போட்டோ எடுப்பவரை 'ஃப-டா-க்ர-ஃபர்' என்கிறார்கள். அழுத்தம் நாற்காலி மாறி உட்கார்ந்துடுச்சு. ரஷ்ய மொழியில் இன்னும் விபரீதம். 'ஸா-மக்' என்றால் கோட்டை, 'ஸ-மோக்' என்றால் பூட்டு. எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

தமிழில் இந்த விளையாட்டு கிடையாது. நமக்கு அர்த்தத்தை மாற்றுவது குறில், நெடில், ஒற்று. படம், பாடம், பட்டம்... பார்த்தீங்களா? 'படம்' என்பதில் 'ப'வை அழுத்தினாலும் 'டம்'மை அழுத்தினாலும் படம் படம்தான். அதனால் நம்ம காது அழுத்தத்தைத் தேடிப் பழகவே இல்லை. 'டி-வெ-லப்' என்று இரண்டாவது அசையில் அழுத்த வேண்டியதை நாம் 'டெ-வலப்' என்று முதல் அசையிலேயே ஆரம்பிப்பதற்கும், 'ஹோ-டெல்' நம்ம ஊரில் 'ஓட்-டல்' ஆனதற்கும் இதுதான் காரணம்.

சரி, ஒரு புது மொழியில் அழுத்தத்தை எங்கே வைப்பது? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஆளுக்கொரு கனவு இருந்தது.

எஸ்பெராந்தோ: யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது

1859-ல் பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்தார் ஸாமென்ஹாஃப். இன்றைக்குப் போலந்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது. தெருவில் ரஷ்யன், போலிஷ், ஜெர்மன், இட்டிஷ் என்று நான்கு மொழிகள். மொழியைப் பொறுத்தே நண்பனும் எதிரியும். இதைப் பார்த்து வளர்ந்த அந்த யூதப் பையன் கண் டாக்டரானார். 1887-ல் வார்சாவில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில் இருந்தது ஒரு புது மொழி. 'டோக்டோரோ எஸ்பெராந்தோ' என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். 'நம்பிக்கையோடு இருக்கும் டாக்டர்' என்று அர்த்தம். கடைசியில் அதுவே மொழியின் பெயராகிவிட்டது.

மொத்தம் 16 இலக்கண விதிகள், 28 எழுத்துகள். ஒரு எழுத்துக்கு ஒரே ஒலி. அழுத்தத்துக்கு ஒரே விதி: கடைசிக்கு முந்தைய அசை. விதிவிலக்கு கிடையவே கிடையாது.

'எஸ்-பெ-ரான்-தோ'. நாய்க்கு 'ஹுன்-தோ'. பெண் நாய் 'ஹுன்-தீ-னோ'. குட்டிப் பெண் நாய் 'ஹுன்-தி-நே-தோ'. சொல் நீள நீள, அழுத்தம் தானாகப் பின்னால் நகர்ந்து போகுது பாருங்க. நம்ம 'ரேடியோ' அங்கே 'ர-தி-யோ' இல்லை, 'ர-தி-ஓ'. கடைசியில் இருப்பது தனி அசை.

ரஷ்ய மொழியில் அழுத்தம் எங்கே விழும் என்று அந்நியருக்குத் தெரியாது. வாயைத் திறந்ததும் 'நீ வெளியூரா?' என்று மாட்டிக்கொள்வார். போலிஷ் மொழியிலோ பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசைதான். ஸாமென்ஹாஃப் தன் மொழிக்கு வைத்த விதியும் அதே மாதிரிதான். ஆனால் விதிவிலக்குகளைத் துடைத்துவிட்டார். ஒரு சொல்லை முதல் முறை பார்க்கிறவரும், 30 வருஷமா பேசுகிறவரும் அதை ஒரே இடத்தில்தான் அழுத்துவார்கள். உச்சரிப்பை வைத்து 'நீ யார்'னு அளக்க வழியே இல்லை. நான்கு மொழிகள் முறைத்துக்கொண்ட தெருவில் வளர்ந்தவருக்கு, அது எவ்வளவு பெரிய விஷயம்!

இதற்குச் சில வருஷம் முன்பு, 1879-ல் ஜெர்மன் பாதிரியார் ஷ்லேயர் 'வோலாபுக்' என்ற உலக மொழியை உருவாக்கத் தொடங்கியிருந்தார். அதிலும் அழுத்தம் நிலையானதுதான், எப்போதும் கடைசி அசையில். 'வோ-லா-புக்'. 'வோல்' என்பது உலகத்துக்கான இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தது, 'புக்' பேச்சுக்கான சொல்லிலிருந்து வந்தது. ஆனால் மூலச் சொல்லே அடையாளம் தெரியாத அளவுக்கு வெட்டிச் சுருக்கியிருந்தார். ஜெர்மன் பாணி உயிரொலிகள் வேறு பலருக்கு வாயில் நுழையவில்லை. ஆரம்பத்தில் வேகமாகப் பரவிய வோலாபுக், எஸ்பெராந்தோ வந்த பிறகு ஓரங்கட்டப்பட்டது.

எஸ்பெராந்தோவும் எல்லோருக்கும் சுலபம் இல்லை. 'தெரிந்துகொள்' என்பதற்கான சொல் 'ஸ்த்ஸீ-இ' என்று தொடங்கும். நம்ம வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிட்டுப் போயிடுவார். ஐரோப்பியக் காதுக்குச் சமமாக இருப்பது, எல்லாக் காதுக்கும் சமமாக இருக்காது என்பதும் ஒரு பாடம்.

இந்தக் கதைக்கு ஒரு கனமான பின்குறிப்பு உண்டு. 1917-ல் ஸாமென்ஹாஃப் இறந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளான ஆடம், ஸோஃபியா, லிடியா மூவரும் இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். ஒருவரையொருவர் புரிந்துகொள்ள அப்பா உருவாக்கிய மொழி மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு அதைத் தாய்மொழியாகப் பேசி வளர்கிறவர்களே இருக்கிறார்கள்.

டோல்கீனும் நம்ம மாத்திரையும்

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்டில் மொழிப் பேராசிரியர். கதைக்காக மொழி உருவாக்கியவர் இல்லை. மொழிகளுக்கு ஒரு உலகம் வேணுமேன்னு கதை எழுதியவர். அவருடைய எல்ஃப் இனத்தார் பேசும் குவென்யா மொழிக்கு ஃபின்னிஷ் மொழியின் வாசனை, சிண்டரின் மொழிக்கு வெல்ஷ் மொழியின் வாசனை. அழுத்தத்துக்கு மட்டும் லத்தீன் பாணியில் ஒரு விதி.

இந்த விதி இங்கிலீஷ்காரர்களை விட நமக்குச் சீக்கிரம் புரியும். கடைசிக்கு முந்தைய அசையைப் பாருங்க. அதில் நெடில் இருக்கா? இல்லைன்னா ஒற்று வந்து மூடியிருக்கா? அப்படின்னா அது கனமான அசை. அழுத்தம் அங்கேயே நிற்கும். வெறும் குறிலாக இருந்தால் அதுக்குத் தாங்கும் சக்தி இல்லை. அழுத்தம் இன்னும் ஒரு அசை முன்னாடி தாவிடும். இரண்டே அசை என்றால் முதல் அசைதான்.

'இ-சில்-துர்' என்ற பெயரில் 'சில்' ஒற்றோடு முடிகிறது, கனம். அழுத்தம் அங்கே. 'லெ-கொ-லஸ்' பெயரில் 'கொ' வெறும் குறில். அதனால் அழுத்தம் முன்னால் போயிடுச்சு. 'அ-ர-கோர்ன்', 'பொ-ரொ-மிர்' எல்லாம் அப்படித்தான்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று பள்ளியில் மனப்பாடம் பண்ணினோமே, அதே கணக்குதான். தமிழில் அந்தக் கனம் செய்யுளின் ஓசையைத் தீர்மானிக்கும். டோல்கீனிடம் அது அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. பரீட்சைக்கு அப்புறம் எதுக்கும் உதவாதுன்னு நினைச்ச மாத்திரை, எல்ஃப் மொழிக்கு உதவுது!

கிளிங்கான்: பூமியில் இல்லாத மாதிரி இருக்கணும்

1984-ல் வந்த மூன்றாவது 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்காக மொழியியலாளர் மார்க் ஓக்ராண்டிடம் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக வீரர்களுக்கு மொழி கேட்டார்கள். அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளில் ஆய்வு செய்தவர் அவர். மனித வாயால் பேசக்கூடியதாகவும் இருக்கணும், மனித மொழி மாதிரி தோன்றவும் கூடாது. என்ன செய்தார் தெரியுமா?

புது ஒலி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு ஒலியும் பூமியில் ஏதாவது ஒரு மொழியில் இருப்பதுதான். ஆனால் வழக்கமாகச் சேர்ந்து வராத ஒலிகளை ஒரே வீட்டில் குடிவைத்தார். வழக்கமாக ஒரு மொழியில் 'நாடு' என்பதில் வருகிற 'ட' மாதிரி நாக்கை மடக்கும் ஒலி இருந்தால், அதன் ஜோடியும் இருக்கும். கிளிங்கானில் ஒண்ணு இருக்கும், ஜோடி இருக்காது. மெல்லிய 'ஸ' கிடையாது, நாக்கை மடக்கிய 'ஷ' மட்டும். நம்ம சாதாரண 'க' கூடக் கிடையாது, தொண்டை அடியிலிருந்து வரும் ஒலிகள்தான். ஆமாம், 'கிளிங்கான்' என்ற பெயரையே கிளிங்கான்காரர்களால் அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் மொழியில் அது ஏறக்குறைய 'த்ல்ஹிங்கன்'.

அழுத்தமும் முரட்டுத்தனமானதுதான். வினைச்சொல்லில் முன்னொட்டு, பின்னொட்டு எத்தனை ஒட்டினாலும் பெரும்பாலும் வேர்ச்சொல்தான் அழுத்தம் வாங்கும். தொண்டையை டக்கென்று அடைத்து முடியும் அசை இருந்தால், அது அழுத்தத்தைத் தன் பக்கம் இழுக்கும். 'வெற்றி' என்று அவர்கள் கத்தும் 'கப்-லா' அப்படித்தான். அர்த்தம் தெரியாமலேயே கத்தணும்னு தோணுதா? ஓக்ராண்ட் ஜெயித்துவிட்டார்.

நாவி: ஒரு அழுத்தம், ஒரு பெண்

2009-ல் வந்த 'அவதார்' படத்துக்கு மொழி தந்தவர் பால் ஃப்ரோமர். இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனிடம் அவர் மூன்று விதமான ஒலி மாதிரிகளைப் போட்டுக் காட்டினார். ஒன்று சீன மொழி போலக் குரல் ஏற்ற இறக்கத்தில் அர்த்தம் மாறுவது. இன்னொன்று குறில், நெடிலில் மாறுவது. மூன்றாவது, மூச்சைத் தொண்டையில் பூட்டி 'க்', 'த்', 'ப்' என்று வெடித்து விடும் ஒலிகள் கொண்டது. கேமரூன் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. துணிக்கடையில் மூணு புடவை எடுத்துப் போட்டுக் காட்டுகிற மாதிரிதான்!

நாவியில் 'நீ' என்பதற்கு 'ங'. ஆமாம், நம்ம ஒன்றாம் வகுப்பு 'ங'தான். சொல் 'ங'வில் தொடங்குவது இங்கிலீஷ்காரர்களுக்குப் பெரிய தலைவலி. நமக்கு அந்த எழுத்து பழக்கம், அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள்தான் பழக்கமில்லை.

அழுத்தத்தில் ஃப்ரோமர் எஸ்பெராந்தோவுக்கு நேர் எதிர். விதியே கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கே என்று தனியாக மனப்பாடம் பண்ணணும். 'து-தே' என்றால் மனிதர். 'து-தே' என்றால் பெண். ஒரே எழுத்துகள்தான், அழுத்தம் நகர்ந்ததும் ஆள் மாறிடும். கற்கிறவருக்குக் கஷ்டம்தான். ஆனால் இயற்கையாக வளர்ந்த மொழிகளிலும் இப்படி மேடுபள்ளம் உண்டு. அதனாலேயே நாவியைக் கேட்கும்போது, பல தலைமுறை புழங்கிய மொழி மாதிரி ஒரு உணர்வு வருகிறது.

டோத்ராகி: உலகமே தப்பாகச் சொன்ன பெயர்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரிஸுக்காக 2009-ல் ஒரு போட்டியில் ஜெயித்து டோத்ராகி மொழியை உருவாக்கியவர் டேவிட் பீட்டர்சன். ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினின் நாவல்களில் இருந்தது சில பெயர்களும் கொஞ்சம் சொற்களும்தான். அதிலிருந்தே ஒலி விதிகளைத் தேடி எடுத்து மொழியைக் கட்டினார்.

அவருடைய அழுத்த விதி: சொல் மெய்யில் முடிந்தால் கடைசி அசை. குதிரைக்கு 'ஹ்ர-ஸெஃப்', வளைந்த வாளுக்கு 'அ-ரஃக்'. சொல் உயிரில் முடிந்தால் பொதுவாக முதல் அசை. கடைசிக்கு முந்தைய அசை கனமாக இருந்தால் மட்டும் அது பறித்துக்கொள்ளும்.

இப்போ 'கலீஸி'க்கு வருவோம். எழுத்தில் இரண்டு 'எ' அடுத்தடுத்து இருக்கு. இங்கிலீஷ் கண்ணுக்கு அது 'ஈ'. பீட்டர்சன் விதிப்படி ஒவ்வொரு உயிரும் தனித்தனி அசை. சொல் உயிரில் முடிகிறது, முந்தைய அசை கனமில்லை. ஆக 'ஃக-லெ-எ-ஸி'. முதல் ஒலியும் தொண்டையை உரசி வரணும். ஆனால் சீரிஸில் ஒலித்தது 'க-லீ-ஸி'. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் குழந்தைகளுக்குக்கூட அந்தப் பெயரை வைத்தார்கள். மொழியை உருவாக்கியவரே 'அது அப்படி இல்லைங்க'ன்னு சொன்னாலும் யாரும் கேட்கிறதா இல்லை.

இதிலிருந்து என்ன தெரியுது? உச்சரிப்பில் எது 'சரி' என்று முடிவு செய்வது விதி எழுதுகிறவர் மட்டும் இல்லை. பேசுகிற வாய்கள்தான்.

லோஜ்பான்: அழுத்தமே இடைவெளி

'பலகை' என்று சொன்னால் மரப் பலகையா, 'பல கை'யா? காகிதத்தில் இடைவெளி இருக்கும், பேச்சில் இருக்காது. தமிழில் இதை வைத்துச் சிலேடை போட்டு ரசிக்கிறோம். 1987-ல் உருவான லோஜ்பான் என்ற தர்க்க மொழிக்கு அது பிடிக்காது. எந்த வாக்கியத்துக்கும் இரண்டு விதப் பொருள் வரக் கூடாது என்பது அதன் லட்சியம்.

அதன் வேர்ச்சொற்கள் எல்லாமே ஐந்து எழுத்து, இரண்டு அசை. 'ப்ரா-மி' என்றால் அன்பு செய், 'தவ்-லா' என்றால் பேசு. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். இது அழகுக்காக இல்லை. அழுத்தம் கேட்டதும், 'இன்னும் ஒரே அசை, அதோடு சொல் முடிஞ்சுது' என்று காதுக்குத் தெரிந்துவிடும். இங்கே அழுத்தம் செய்வது ஸ்பேஸ் பாரின் வேலை.

கிளிக்கி: 'ச்சு ச்சு'வும் ஒரு எழுத்துதான்

2015-ல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர் கூட்டம் பேசிய கிளிக்கியை உருவாக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்தபோது, குழந்தைகளோடு விளையாட்டாகத் தொடங்கியதே இதன் விதை என்று அவர் சொல்லியிருக்கிறார். 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. திருப்பிப் போட்டால் எதிர்ச்சொல்! குழந்தை விளையாட்டிலிருந்து வந்த மொழி, படத்தில் ரத்தவெறி பிடித்த கூட்டத்துக்குப் போனபோது வேறு முகம் காட்டியது. நாக்கைச் சொடுக்கும் 'டக் டக்' ஒலிகளும் கரகரப்பும் சேர்ந்து, ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமலேயே தியேட்டரில் மிரட்டியது.

நாக்குச் சொடுக்கு நமக்கும் தெரியும். பாவம் என்று சொல்ல 'ச்சு ச்சு' கொட்டுகிறோமே, அதுதான். நமக்கு அது உணர்ச்சி. தென்னாப்பிரிக்காவின் ஸுலு, கோஸா மொழிகளில் அது 'க', 'த' மாதிரி முறையான மெய்யொலி. ஒரு ஊரில் வெறும் சத்தம், இன்னொரு ஊரில் எழுத்து.

நீங்களும் ஒரு மொழி பண்ணலாமா?

தாராளமா! ஃப்ரெண்ட்ஸ் கேங்குக்கு ரகசிய மொழி வேணும்னாலும் சரி, நீங்க எழுதும் ஃபேன்டசி கதைக்கு வேணும்னாலும் சரி, இந்த வரிசையில் போங்க.

1. பேசப்போகிறவர் யார்? சாதுவா, சண்டைக்காரரா? அதற்கேற்ப 15 முதல் 20 ஒலிகள் போதும். என்ன ஒலி இருக்கு என்பதைவிட, என்ன ஒலி இல்லை என்பதுதான் மொழிக்குத் தனி முகம் கொடுக்கும்.

2. வாட்ச்மேனை நியமிங்க. சொல் எதில் தொடங்கலாம், எதில் முடியலாம், இரண்டு மெய் சேரலாமா?

3. ஒரே ஒரு அழுத்த விதி வைங்க. முதல் அசை, கடைசி அசை, கடைசிக்கு முந்தையது... எதுவானாலும் 20 சொல்லுக்கு அதை ஓட்டிப் பாருங்க.

4. வாய்ஸ் நோட்டில் பேசி, ஒரு நாள் கழித்துக் கேளுங்க. எழுதும்போது அழகா இருந்தது, பேசும்போது இடறினால் மாத்திடுங்க.

5. நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்க. அவர் எங்கே தவறுகிறாரோ, அங்கேதான் உங்க விதி தெளிவில்லை.

கடைசியா, இங்கிலீஷ் இன்டர்வியூவுக்கு வருவோம்

இவ்வளவு தூரம் வந்ததில் ஒன்று புரிந்திருக்கும். அழுத்தம் என்பது அறிவோ, படிப்போ இல்லை. அது ஒரு மொழி எடுத்துக்கொண்ட ஒரு முடிவு. எஸ்பெராந்தோவில் அந்த முடிவை ஒரு கண் டாக்டர் எடுத்தார், கிளிங்கானில் ஒரு மொழியியலாளர் எடுத்தார். இங்கிலீஷில் யார் எடுத்தது? ஒருத்தரும் இல்லை. ஜெர்மானியச் சொற்களும் பிரெஞ்சு, லத்தீன் சொற்களும் பல நூற்றாண்டுகள் கலந்ததில் தானாக உண்டான குழப்பம் அது.

அதனால் 'டி-வெ-லப்' வராமல் 'டெ-வலப்' வந்தால், உங்க நாக்கு தமிழின் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது என்றுதான் அர்த்தம். வெட்கப்பட எதுவும் இல்லை. அதே நேரம், வேலைக்கும் மேடைக்கும் இங்கிலீஷ் தேவைன்னா, அதன் சட்டத்தைக் கத்துக்கறதும் கஷ்டமில்லை. போனில் இருக்கும் அகராதி ஆப்பைத் திறந்து, எந்தச் சொல்லாவது தேடுங்க. உச்சரிப்புக்கு நடுவில் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அதற்கு அடுத்த அசைதான் அழுத்தம். இத்தனை நாள் கண்ணில் பட்டும் கவனிக்காத கோடு அது. ஒரு டிப்ஸும் வச்சுக்கோங்க: பெயராகவும் வினையாகவும் வரும் 'ரெ-கார்ட்' மாதிரியான இரண்டு அசைச் சொற்கள் பலவற்றில், பெயர்ச்சொல்லுக்கு முதல் அசையிலும் வினைக்கு இரண்டாவது அசையிலும் அழுத்தம் விழும்.

அடுத்த முறை யாராவது உங்க உச்சரிப்பைக் கேட்டுச் சிரிச்சா, கோபப்படாதீங்க. 'வாழைப்பழம்'னு ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க. அவங்க வாட்ச்மேன் என்ன பண்றார்னு பார்ப்போம்!